கொக்குவில் கனகசுந்தரம், லண்டன்

1998 அக்டோபர் 26, திங்கள்

இன்றும் என் மேஜைத் தட்டில் இரண்டு தாள். இரண்டும் மாணவர்கள். ஒருவனுக்குக் கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை வேண்டுமாம், நூற்றைம்பது வெள்ளி வாடகைக்குள். இன்னொருத்திக்கு அதே மாதிரி அறை, நூற்றிருபதுக்குள். பக்கத்து மேஜை பஷீரின் தட்டில் ஒரே ஒரு தாள்தான். ஈப்போ டாக்டர். பங்களா வாங்கப் பார்க்கிறார்.

மூன்று வாரமாக இதே கதை. எனக்கு அறை தேடும் பிள்ளைகள், அவனுக்குப் பங்களா டாக்டர்கள். இணையத்துக்குக் கண் இருக்கிறதா, ஆள் பார்த்து அனுப்ப?

ஏப்ரலில் முதலாளி ஷேக் அலாவுதீன் எங்கள் பினாங்கு வீட்டுத் தரகுக் கம்பெனிக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டார். வீட்டுப் படங்கள், கீழே ஒரு படிவம். பெயர், மின்னஞ்சல், என்ன வீடு, எவ்வளவுக்குள், எத்தனை மாதத்தில். யாராவது நிரப்பி அனுப்பினால் அது எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அதற்குப் பெயர் என்குயரி. திங்கள், புதன், வெள்ளியில் வருவது பஷீருக்கு. செவ்வாய், வியாழன், சனியில் வருவது எனக்கு. அச்செடுத்து அவரவர் தட்டில் வைக்க வேண்டும்.

வைப்பது யார்? பஷீர். கடவுச்சொல் தெரிந்தது யாருக்கு? பஷீருக்கு மட்டும். ஆகஸ்டில் நான் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி ஒரு வாரத்துக் கடிதமெல்லாம் காணாமல் போனதிலிருந்து, முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே விடுவதில்லை. பதினோரு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். டத்தோ கிராமாட்டில் எந்த வீட்டுக் கூரை ஒழுகும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். இப்போது ஒரு தாளுக்காகத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 28, புதன்

பக்கத்தின் அடியில் ஒரு எண் ஓடுகிறது, இத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று. முதலாளி காலையில் வந்ததும் அதைத்தான் பார்க்கிறார். “தவமணிம்மா, நேத்து மட்டும் பதினாலு பேருலா!” என்றார். பஷீர் திறந்து மூடும்போதெல்லாம் அந்த எண் ஏறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. மனுஷர் சந்தோஷமாக இருக்கட்டும்.

அக்டோபர் 30, வெள்ளி

மத்தியானம் முதலாளி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்ததிலிருந்து வாங்குகிறவர்களே இல்லை, இரண்டு மேஜைக்கு வேலை இல்லை, ஜனவரியிலிருந்து ஒரு மேஜைதான். டிசம்பர் முடிவதற்குள் யார் அதிகம் விற்கிறாரோ அவர் இருப்பார். “எனக்கு மட்டும் ஆசையா? ரெண்டு பேரும் என் புள்ளைங்க மாதிரிதான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று.

என் வீட்டுக்காரருடைய பென்ஷன் சமையலுக்கும் மருந்துக்கும் சரி. வீட்டுக் கடன் என் கமிஷனில்தான் போகிறது, இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

வெளியே வந்ததும் பஷீர், “அக்கா, தே தாரிக் குடிப்போமா?” என்றான், ஒன்றுமே நடக்காதது போல. அவ்வளவு நிம்மதி எங்கிருந்து வருகிறது? நல்ல தாளெல்லாம் தன் கையில் இருக்கிறது என்பதால்தானே?

நவம்பர் 2, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூலியா ஸ்ட்ரீட்டில் வெள்ளைக்காரப் பயணிகள் போகும் சைபர் கஃபேக்குப் போனேன். ஒரு மணி நேரம் நான்கு வெள்ளி. கல்லாவில் இருந்த ரொஸ்னா என்ற பெண், இலவசமாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தாள். “பேர் என்ன மேடம்?” என்றாள்.

கனகசுந்தரம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள்.

நாளை செவ்வாய். வருவது எனக்கு. லண்டனிலிருந்து கனகசுந்தரம், ஓய்வுபெற்ற கணக்காளர், கெலுகோரில் வீடு தேடுகிறார், மூன்று லட்சத்துக்குள், மூன்று மாதத்தில், பயணத்தில் இருப்பதால் தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சல் போதும். இப்படி ஒரு கொழுத்த ஆளை என் தட்டில் வைக்கிறானா, தன் பையில் போடுகிறானா? பார்த்துவிடுவோம்.

நவம்பர் 3, செவ்வாய்

காலை எட்டரைக்குக் கஃபேயிலிருந்து படிவத்தை அனுப்பிவிட்டு அலுவலகம் போனேன். நாள் முழுக்கத் தட்டு காலி.

நவம்பர் 4, புதன்

தட்டு காலி. “நேத்து ஏதாவது வந்துச்சா தம்பி?” என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். “பார்க்கணும் அக்கா” என்றான். பார்க்கணுமாம்!

மதியம் கஃபேக்கு ஓடினேன். கனகசுந்தரத்துக்குக் கடிதம் வந்திருந்தது. அன்புள்ள திரு. கனகசுந்தரம் அவர்களே, தங்கள் விசாரணைக்கு நன்றி, எத்தனை அறை வேண்டும், தரை வீடா மாடி வீடா, தயவுசெய்து தெரிவியுங்கள் — இப்படிக்கு, பஷீர் அகமது. என் பெயர் எங்கும் இல்லை.

பிடித்துவிட்டேன். ரொஸ்னா, “நல்ல செய்தியா மேடம்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 5, வியாழன்

உடனே முதலாளியிடம் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு கடிதத்தைக் காட்டினால் “மறந்துட்டேன் அக்கா” என்று கண்ணை அகல விரித்து நிற்பான், அவர் நம்பிவிடுவார். நன்றாக மாட்டட்டும். நான்கு கடிதமாவது வேண்டும்.

கனகசுந்தரம் பதில் எழுதினார். தரை வீடு, மூன்று அறை, அமைதியான தெரு. சும்மா எழுதினால் நம்பமாட்டானோ என்று கொஞ்சம் உப்புப் போட்டேன்: என் தாயார் வழி யாழ்ப்பாணம் கொக்குவில், பினாங்கில் எங்கள் ஆட்கள் இருக்கும் பக்கமாகப் பார்த்தால் நல்லது. கொக்குவில் ஏன் வந்தது என்று தெரியவில்லை, என் அம்மாவுக்கு ஊர் அளவெட்டி. எழுத எழுத அந்த மனிதர் கண்முன் வந்துவிட்டார். மெலிந்த ஆள், கம்பளி பனியன், மனைவி போய்விட்டாள். எனக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

இந்த நாட்குறிப்பை மேஜையிலேயே வைக்கலாம். வீட்டில் இவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். கனகசுந்தரம் என்று வாசித்து முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

நவம்பர் 9, திங்கள்

பஷீர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கெலுகோர் போனான். போகும் முன் என் மேஜைக்கு வந்து நின்றான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க வீடு வாங்குறப்ப முதல்ல எதைப் பார்ப்பாங்க?”

என் வாடிக்கையாளரைத் திருடிக்கொண்டு, அவரை மடக்க என்னிடமே யோசனை! முகத்தை அசைக்காமல், “சாமி அறை. கிழக்குப் பார்த்து இருக்கணும்” என்றேன். குட்டிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டான்.

நெஞ்சழுத்தம் என்றால் இதுதான். வீட்டில் இவரிடம் சொன்னேன், கனகசுந்தரத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும். “அந்தப் பையன் நல்லா இருப்பானே” என்றார். இவருக்கு எல்லோரும் நல்லவர்கள்தான்.

நவம்பர் 12, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கமலாம்பிகை டீச்சர் தொலைபேசியில் வந்தார். கோயில் பழக்கம். கெலுகோரில் அவருடைய தரை வீடு எங்கள் கம்பெனியில் விற்பனைக்கு இருக்கிறது, பஷீரின் பட்டியலில். மகள் அருந்ததி இங்கிலாந்தில் மருந்தியல் படிக்கிறாள். வெள்ளி விழுந்ததில் அங்கே கட்டும் பணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகப் போகிறார். ஜனவரிக்குள் கட்டாவிட்டால் பிள்ளை பாதியில் திரும்பி வரவேண்டியதுதான்.

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “தவமணி, கேட்டியா? படம் எடுக்க வந்த பையன் சொன்னான், லண்டன்ல இருந்து நம்ம ஆளு ஒருத்தர் என் வீட்டைப் பார்க்கிறாராம். கனகசுந்தரம். தாய் வழி கொக்குவில்! என் அம்மாவும் கொக்குவில்தானே. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளா இருக்கும். அப்படின்னா எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் முறை வரணும்.”

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சீனர் கூ இருக்காரே, ரெண்டு லட்சத்து அறுபத்தஞ்சாயிரத்துக்குக் கேட்டார், காலையில செக்கோட வந்துட்டார். வேண்டாம்னு அனுப்பிட்டேன். பணத்துக்காக இல்ல பிள்ளை. அவர் என் சாமி அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிடுவார். நம்ம ஆளு வாங்கினா சாமி அறை சாமி அறையாவே இருக்கும் பாரு.”

“டீச்சர், லண்டன்காரர் நிச்சயமா வாங்குவாரான்னு தெரியாதே” என்றேன்.

“கொக்குவில் ஆளு வார்த்தை மாறமாட்டார்.”

சாப்பிடவில்லை. எல்லாம் பஷீரால்தான். அவன் முறைப்படி அந்தத் தாளை என் தட்டில் வைத்திருந்தால் இது டீச்சர் வீடு வரைக்கும் போயிருக்குமா? திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் போட்டுடைக்கப் போகிறேன்.

நவம்பர் 13, வெள்ளி

பஷீர் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் கஃபேக்குப் போனேன், முதலாளியிடம் காட்ட அவன் கடிதங்களை அச்செடுக்க. புதிதாக ஒன்று வந்திருந்தது. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். மறக்கக்கூடாது.

ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் இப்படி: “ஐயா, ஒரு விஷயம் தெளிவுபடுத்த வேண்டும். தங்கள் விசாரணை செவ்வாய்க்கிழமை வந்தது. ஆகையால் அது என் மூத்த சகா திருமதி தவமணியைச் சேர்ந்தது. இணையத்தில் பலர் விளையாட்டாக எழுதிவிட்டுப் பிறகு பதில் தருவதில்லை. அவர் நேரம் வீணாகக்கூடாது என்று எல்லாருக்கும் முதலில் நானே பதில் போடுவேன். திரும்ப எழுதுகிறவர்களை மட்டும் அவரிடம் கொடுப்பேன். தாங்கள் பதில் எழுதியதும் ஒரு வீட்டையாவது தயார்செய்து கொடுப்போம் என்று படம் எடுக்கப் போனேன், அதில் ஒரு வாரம் தாமதம், மன்னிக்கவும். திங்கள் முதல் தங்களை அவர் கவனிப்பார். அவர் தங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.”

கீழே நான்கு படங்கள். ஒன்று டீச்சரின் சாமி அறை. வாசல் எந்தத் திசை என்று காட்ட ஓர் அம்புக்குறி போட்டு, கிழக்கு என்று எழுதியிருந்தான்.

அப்படியானால் அந்த மாணவர்கள்? திரும்ப எழுதியது அவர்கள்தான். பெரிய ஆட்கள் திரும்ப எழுதவில்லை. அவ்வளவுதானா? ஈப்போ டாக்டர்? அவரும் முதல் கடிதத்தோடு நின்றுவிட்டார் என்று போன வாரம் பஷீரே சிரித்துக்கொண்டு சொன்னான். தனக்கு வருவதை மட்டும் அவன் வடிகட்டாமல் அப்படியே தன் தட்டில் வைத்துக்கொள்கிறான். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை.

அச்செடுக்கவில்லை.

நவம்பர் 14, சனி

அரை நாள் வேலை. தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. தலைவலி இல்லை.

நவம்பர் 16, திங்கள்

தட்டில் தாள்கள். கனகசுந்தரத்தின் கடிதங்கள் எல்லாம் வரிசையாக, ஒரு கிளிப் போட்டு. மேலே “தவமணி அக்கா” என்று எழுதியிருந்தது.

“அக்கா, இது உங்களோடது” என்றான் பஷீர். “சும்மா எழுதுற ஆளு இல்ல. உண்மையா வாங்குவார். வீடு என் பட்டியல்ல இருந்தாலும் ஆளு உங்க ஆளு, விற்பனை உங்க பேர்ல போகட்டும். கமிஷன்ல எனக்கு எதாவது பார்த்துக் கொடுங்க.”

இது நடந்தால் டிசம்பரில் மேஜை எனக்கு என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும்.

“ஏன் தம்பி இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை வந்தது அக்கா” என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றேன். ச்சீ.

நவம்பர் 17, செவ்வாய்

கனகசுந்தரத்தை முடித்துவிட்டேன். குடும்பச் சூழ்நிலையால் வீடு வாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன், மன்னிக்கவும் என்று மூன்று வரி. யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். டீச்சர் கொஞ்சம் வருத்தப்படுவார், கூவிடம் திரும்பப் போவார், விற்றுவிடும், முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே எனக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

நவம்பர் 19, வியாழன்

அதோடு முடியவில்லை.

பஷீர் நேற்றே டீச்சரிடம் சொல்லிவிட்டான். இன்று அவர் எனக்குப் போன் செய்தார். அழவில்லை, கொதித்தார். லண்டனில் ஹாரோவில் இருக்கும் மச்சாள் கோயிலில் விசாரித்து ஒரு கனகசுந்தரத்தைப் பிடித்துவிட்டாளாம். எண்பத்தொரு வயது. வீடும் வேண்டாம் பினாங்கும் வேண்டாம் என்று கத்தினாராம். வேறு யாரோ பாவம்! ஆனால் டீச்சருக்கு அது வேறு மாதிரி விளங்கியிருக்கிறது.

“மனசு நொந்து போயிருக்கார் தவமணி. அந்தப் பையன் என்னமோ எழுதிக் கெடுத்துட்டான். வேற யாருக்கோ வீட்டைத் தள்ளிவிடக் கமிஷன் வாங்கியிருப்பான். அவன் நம்ம ஆளா என்ன, நம்ம மேல அக்கறை இருக்க?”

“பஷீர் அப்படிச் செய்யமாட்டான் டீச்சர்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

நவம்பர் 20, வெள்ளி

டீச்சர் முதலாளிக்கே போன் செய்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் முதலாளியின் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தவர், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பஷீரை இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். வந்த ஆளை விரட்டியிருக்கான். டிசம்பர் வரைக்கும் எதுக்குப் பார்க்கணும்? நீங்க இருங்க.”

நான் கேட்டது அப்படியே கைக்கு வந்தது. எழுந்து வந்தேன். வெளியே பஷீர் ஏதோ தாளை அச்செடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் எப்படிப்பட்ட பெண்? எனக்கே பயமாக இருக்கிறது.

நவம்பர் 22, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

“சொன்னா வேலை போயிடும்” என்றேன்.

“போகும்” என்றார்.

“வீட்டுக் கடன்?”

“கடன் எனக்கும் கவலைதான் தவம். ஆனா அந்தப் பையன் மாசக் கடைசியில மேஜையைத் துடைச்சிக்கிட்டுப் போறதை நீ உட்கார்ந்து பார்ப்பியா?”

முப்பது வருடத்தில் இவர் என்னைத் திட்டியதில்லை. இதுவும் திட்டு இல்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 23, திங்கள்

சொல்லிவிட்டேன். முதலாளி அறையில், பஷீரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. முதலிலிருந்து கடைசி வரை. கஃபே, கொக்குவில், எல்லாம்.

முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. “அப்ப லண்டன்காரர் யாரு?” என்று இரண்டு முறை கேட்டார். நான்தான் என்றேன். விளங்கியதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நாப்பது பேர் இருக்கிற கம்பெனியிலகூட இப்படி நடக்காது. ரெண்டே பேரு!” என்றார். “டீச்சர் வீட்டை வித்துக் கொடுத்துட்டு நீங்க கிளம்புங்கம்மா. அதுவரைக்கும் இருங்க.”

பஷீர் தன் மேஜைக்குப் போய் ஏதோ தாள்களை அடுக்கினான். பிறகு என் மேஜைக்கு வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று நினைத்தேன்.

“அகராதி வச்சு எழுதினேன் அக்கா” என்றான். “லண்டன் ஆளு, இங்கிலீஷ்ல தப்பு வந்தா நம்ம கம்பெனிக்கு அவமானம்னு. நீங்க படிச்சுச் சிரிச்சீங்களா?”

“இல்ல தம்பி. சத்தியமா இல்ல.”

தலையை ஆட்டிவிட்டுப் போனான். இல்லை என்பதை அவன் ஏற்றுக்கொண்டானா என்று தெரியவில்லை.

நவம்பர் 24, செவ்வாய்

டீச்சர் வீடு. யாரையும் காபி குடிக்காமல் அனுப்பமாட்டார். இன்றும் மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்.

சொன்னேன். நம்பவில்லை. “அந்தப் பையனைக் காப்பாத்தப் பழியை நீ ஏத்துக்கிற” என்றார். பஷீர் அவருக்குக் காட்டியிருந்த கனகசுந்தரத்தின் கடிதத்தை வரி மாறாமல் ஒப்பித்தேன். அப்போதுதான் முகம் மாறியது.

“கொக்குவில்னு ஏன் எழுதினே?”

“தோணிச்சு டீச்சர்.”

“மச்சாளுக்குச் சொல்லி, சாமிக்கு நேர்ந்து, அருந்ததிக்கு எழுதிட்டேன், கவலைப்படாதே, மாமா முறையில ஒருத்தர் வாங்குறார்னு.”

கெட்டில் கொதித்துத் தானாக நின்றது. அவர் எழுந்து போய்க் காபி போடவில்லை. நான் எழுந்து வந்தேன்.

நவம்பர் 27, வெள்ளி

கூவின் கடை. டயர் வாடை. “அன்றைக்கு வேண்டாம் என்றீர்கள், இன்று நீங்களே வருகிறீர்கள். வீட்டில் என்ன கோளாறு?” என்று மலாயில் கேட்டார். கோளாறு இல்லை என்றேன். கரையானா, பேயா, வழக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

டிசம்பர் 3, வியாழன்

நான்காவது தடவை போனேன். கூரையையும் குழாயையும் பார்க்க அவரே ஆள் அனுப்பினார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம், அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்றார். பதினைந்தாயிரம் குறைவு. டீச்சரிடம் சொன்னேன். “சரி” என்று ஒரு வார்த்தை.

டிசம்பர் 18, வெள்ளி

டீச்சர் கையெழுத்துப் போட்டார். முன்பணம் வந்துவிட்டது, ஜனவரிக்குப் போதும். பிள்ளை படிப்பு தப்பியது. கமிஷனை டீச்சருக்கே விடச்சொல்லி முதலாளியிடம் கேட்டேன். என் பங்கை விட்டார். பஷீர் தன் பங்கையும் விட்டுவிட்டான், என்னிடம் சொல்லாமலேயே. முதலாளி சொல்லித்தான் தெரியும்.

சாமி அறையில் படங்களை எல்லாம் டீச்சர் ஏற்கனவே துணியில் சுற்றி வைத்திருந்தார். கூ உள்ளே எட்டிப் பார்த்து, இங்கே சரக்கு வைக்கலாம் என்று மகனிடம் சொன்னார். டீச்சருக்கு அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனமொழி தெரியும்.

டிசம்பர் 31, வியாழன்

மேஜையைக் காலி செய்தேன். பஷீர் நோன்பு, ஆனாலும் பெட்டியைக் கீழே வரை தூக்கி வந்து கொடுத்தான்.

1999 ஜனவரி 22, வெள்ளி

மாலையில் பஷீர் வந்தான். நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று நாள். மனைவி செய்த அன்னாசிப் பழப் பலகாரம் ஒரு புட்டி. இவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தேன். நான் இப்போது பக்கத்து வீட்டு இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொன்னேன். நல்லது அக்கா என்றான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இணையத்தில் வந்த என்குயரி. மெல்போர்னிலிருந்து, கதிர்காமநாதன் என்று ஒருவர். பினாங்கில் பிறந்தவர், திரும்பி வரப் போகிறார், டத்தோ கிராமாட் பக்கம் வீடு வேண்டும், தொலைபேசி வேண்டாம், மின்னஞ்சல் போதும். போன செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க” என்றான். “இது நீங்களா?”

“இல்ல தம்பி.”

“சும்மா சொல்லுங்க. நீங்களா இருந்தா நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“நான் இல்ல பஷீர். அந்தக் கஃபே பக்கமே நான் போகல. வேணும்னா இவரைக் கேளு.”

இவரும் ஆமாம் என்றார். பஷீர் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, கேலி இல்லை. மரியாதையாகத்தான் பார்த்தான். கூ பார்த்த பார்வைதான் அது.

“உண்மையான ஆளா இருக்கும் தம்பி. பதில் போடு. கைவிட்டுடாதே.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“உண்மையான ஆளா இருந்தா திரும்ப எழுதுவாங்க அக்கா” என்று சொல்லிவிட்டு, இவரிடம் சலாம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.